நின்று பார்க்காத கோடு

நான் பணியில் இருந்த காலத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும், "சார், பெரியவர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். பெரியவர் என்றால் என் மேலதிகாரி. நான் சின்னவன் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே அடக்கம். அந்த அம்மாள் மட்டும் வணக்கம் சொல்லி, பணியேற்பு அறிக்கையை நீட்டுவதற்கு முன்னால், "சார், இந்த ரூம்ல வடக்கு எது?" என்று கேட்டார்.

நான் ஜன்னலைக் காட்டினேன்.

"அது மேற்கு" என்றார். "வருத்தப்படாதீங்க. கோபுரம் தெரியிற தெருவுல நிறுத்திக் கேட்டா இந்த ஊர்ல எல்லாரும் சரியாச் சொல்லிருவாங்க. நாலு சுவத்துக்குள்ள வந்துட்டா யாருக்கும் தெரியாது."

அரசாங்கமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. பணியில் இருந்தவரை நினைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். ஓய்வூதிய ஆணை கைக்கு வந்த பிறகுதான் எழுத ஆரம்பித்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், இதில் நான் சொல்லும் இடங்களுக்கெல்லாம் ஒருமுறை போய் நின்று பார்த்து, எதை எங்கே தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிவிப்பார். அலுவலகத்தில் அவரைப் புரொபசரம்மா என்போம். அந்தப் பெயரே இங்கே போதும்.

அவர் கல்லூரியில் புவியியல் துறையில் வரைபடக்கலை சொல்லிக்கொடுத்தவர். கிராம வரைபடங்களைக் கணினியில் ஏற்றுவதற்காக அரசு ஒரு பிரிவைத் தொடங்கியபோது, வரைபடம் தெரிந்த ஆள் ஒருவராவது இருக்கட்டும் என்று ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்கள். அயற்பணியில் அவரை அனுப்பிவைத்தார்கள். நடைமுறை பார்த்துக்கொள்ள வருவாய்ப் பிரிவிலிருந்து என்னைப் போட்டார்கள். அவருக்கு வரைபடம் தெரியும், எனக்கு விதி தெரியும், இரண்டும் தெரியாத ஒருவர் எங்கள் இருவருக்கும் மேலே இருந்தார். எல்லாம் முறைப்படி அமைந்திருந்தது.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு பிரச்சினை தெரிந்தது. தான் நின்று பார்க்காத கோட்டை அவர் படத்தில் விட மாட்டார்.

"வரைபடங்கிறது சாட்சி மாதிரி சார். பார்த்ததைத்தான் சொல்லணும். பார்க்காததைச் சொன்னா பொய்ச்சாட்சி" என்பார்.

பார்க்காததில் கையெழுத்துப் போடுவதைத்தான் நாங்கள் நிர்வாகம் என்போம். எனக்குத் தெரிந்து எந்த அதிகாரியும் தான் கையெழுத்திட்ட கண்மாய்களை எல்லாம் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நீச்சல் தெரிந்திருக்கும்.

அவரிடம் ஒரு கறுப்புக் குடை உண்டு. அவர் அதை விரித்து நான் பார்த்ததில்லை. மதுரை வெயிலில் தலைகாய நின்றாலும் விரிக்க மாட்டார். உச்சிவேளையில் அதை மண்ணில் நேராகக் குத்தி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். கையில் இருக்கும் படத்தைத் திருப்பித் திருப்பி அந்த நிழலோடு பொருத்திக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை. எங்கள் பிரிவில் சுந்தர் என்று ஓர் ஆபரேட்டர் இருந்தான். கெட்டிக்காரப் பையன். அவன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மேடம், போன்லயே திசை காட்டுது. எதுக்கு இந்தக் குடையப் போட்டுப் பாடுபடுத்துறீங்க?" என்றான்.

"போனு யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுது சுந்தர். நிழல் யாருகிட்டயும் கேக்கல."

"அப்ப சாயங்காலம் ஆனா?"

"சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போயிருவேன்."

எங்கள் பிரிவில் ஒருவர் மகளுக்குத் திருமணம் வைத்தார். அழகர்கோவில் சாலையில் ஒரு மண்டபம். அழைப்பிதழின் பின்பக்கம் வழக்கம்போல வழிப்படம் அச்சிட்டிருந்தார்கள். சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பவேண்டும், படமோ வலப்பக்கம் காட்டியது. நாங்கள் எல்லாரும் கொஞ்சம் சுற்றிவிட்டு, வழி கேட்டு, வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். தாலி கட்டும் நேரத்தில் புரொபசரம்மாவைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால், பட்டுப்புடவையும் மூடிய குடையுமாகச் சாலை முக்கில் நின்று, வருகிற வண்டிகளை எல்லாம் இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வேனில் வந்த ஒரு பெரியவர் தலையை நீட்டி, "ஆத்தா, நீ பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லைய்யா. மேப் வீடு."

கடைசி வேனும் திரும்பிய பிறகுதான் உள்ளே வந்தார். பாயசம் தீர்ந்துபோயிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. படம் போட்ட அச்சகத்தின் முகவரியை அழைப்பிதழில் தேடிக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை, நகரத்தின் முக்கியச் சந்திப்புகளில் பொதுமக்களுக்கு என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று படம் போட்டுத் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் பழைய பட்டியலை எடுத்துப் புது எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். இவருக்குக் காளவாசல் சந்திப்பு வந்தது. போய்ப் பகல் முழுவதும் நின்றார். பழக்கடை, டீக்கடை, ஆட்டோ நிறுத்தம், குடிதண்ணீர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கூட்டத்தன்று அவர் வரிசையாகப் போட்டுக் காட்டிய படங்களில் கடைசிப் படத்தின் தலைப்பு: பெண்களுக்கான கழிப்பறைகள். தலைப்புக்குக் கீழே நான்கு பக்கமும் கட்டம், ஓர் ஓரத்தில் அளவுகோல், மேலே வடக்கைக் காட்டும் அம்புக்குறி. நடுவில் வெள்ளைத் தாள்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்ன மேடம், மேப்ல ஒண்ணுமே இல்லையே?"

"ஆமா சார். அதான் மேப்."

பிறகு கூட்டம் அடுத்த பொருளுக்குப் போனது. ஆனால் அந்த வெள்ளைத் தாள் நடவடிக்கைக் குறிப்பில் இணைப்பாகச் சேர்ந்துவிட்டது. நான்தான் சேர்த்தேன். சேர்க்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. இணைப்பாகச் சேர்ந்த தாளை லேசில் எடுக்க முடியாது. அது ஒவ்வொரு கூட்டத்திலும் வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் அதன் தொல்லை தாங்காமல்தான் அங்கே ஒரு கழிப்பறை கட்டப்பட்டது என்று நான் நம்புகிறேன். கட்டியவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

இதெல்லாம் அவர் பிடிவாதத்தின் விளையாட்டுப் பகுதி. அது விளையாட்டாக இல்லாமல் போன கதை ஒன்று உண்டு.

வாடிப்பட்டிப் பக்கத்தில் இரண்டு கிராமங்கள். அடுத்தடுத்து இருப்பவை. ஒருநாள் அங்கிருந்து கருப்பையா என்று ஒரு கொத்தனார் வந்தார். அவருடைய ஆட்கள் இருப்பது காலனியில். முன்பெல்லாம் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது கொத்து வேலை, டிரைவர் வேலை, ஒன்றிரண்டு பேர் அரசு வேலை. காலனியிலிருந்து அவர்களுடைய சுடுகாட்டுக்குப் போக ஒரு மண்பாதை, இரண்டு ஊருக்கும் நடுவில், எல்லையை ஒட்டியே போகிறது. அந்தப் பாதையை மறித்துக் கல் ஊன்றிவிட்டார்கள் என்றார். ஒரு பக்கத்து நிலக்காரரின் மகன் நிலத்தை மனை போட விலை பேசியிருக்கிறான். கேட்டால் போனைத் திறந்து காட்டுகிறானாம்.

"மேப்புல பாதை எங்கயிருக்கு, காட்டுங்கிறான் சார். பார்த்தா நெசமாவே இல்ல. எங்கப்பா படுக்கையில கெடக்காரு. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. எந்தப் பக்கமா சார் தூக்கிட்டுப் போறது? சேத்துக்குள்ள எறங்கியா?"

புரொபசரம்மா அந்த இரண்டு கிராமங்களின் பழைய காகிதப் படங்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு சுந்தரைக் கூப்பிட்டார்.

நடந்தது இதுதான். பழைய காலத்தில் ஒவ்வொரு கிராமத்தையும் தனித்தனியாக அளந்து படம் போட்டார்கள். இந்தப் பக்கம் அளந்தவர், பாதை அந்த ஊரைச் சேர்ந்தது என்று தன் கோட்டைப் பாதைக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் அளந்தவரும் அதே மரியாதையோடு அந்தப் பக்கமே நிறுத்திக்கொண்டார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு படமும் சரி. கணினியில் ஒட்டவைத்தபோது நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. இரண்டு ஊருக்கு நடுவே இடைவெளி இருந்தால் கணினி அதைப் பிழை என்று சிவப்பாகக் காட்டும். ஒரு பொத்தானை அமுக்கினால் இரண்டு கோடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிவப்பு மறைந்துவிடும். சுந்தர் அமுக்கியிருந்தான். அவன் மட்டுமல்ல, யாராக இருந்தாலும் அமுக்கியிருப்பார்கள். சிவப்பு இருந்தால் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கில் வராது. புரொபசரம்மா சரிபார்ப்பதற்குள் படம் இணையத்திலும் ஏறிவிட்டது.

"பிழையைத்தான் மேடம் சரிபண்ணேன்" என்றான் சுந்தர், முகம் செத்துப்போய்.

"அது பிழை இல்ல சுந்தர், பாதை" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நான் போய் நிக்காம விட்டது என் தப்பு. கிளம்பு, போவோம்."

போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இதற்கிடையில் மேலிடத்தில் அவசரம். அந்த வட்டாரத்துப் படங்கள் எல்லாம் சரிபார்க்கப்பட்டன என்று சான்று வேண்டும், அதில் புரொபசரம்மாவின் கையெழுத்து வேண்டும். அவருக்கும் அவசரம் இருந்தது. கல்லூரியில் துறைத் தலைவர் இடம் காலியாகப்போகிறது. வரிசையில் அவர்தான் முதலில். ஆனால் நாங்கள் விடுவிப்பு ஆணை கொடுத்து அவர் திரும்பிப்போய்ச் சேர்ந்தால்தான் அந்த இடம். மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் அலுவலகத்தில் டீ சும்மா வராது.

"கையெழுத்தைப் போடுங்க மேடம். சாயங்காலமே ரிலீவிங் ஆர்டர் தாரேன். அந்தப் பாதை விஷயத்தைத் தனிக் கோப்பாப் பார்த்துக்கிருவோம்."

தனிக் கோப்பு என்பது எங்கள் துறையின் சுடுகாடு. அதற்குப் போகும் பாதையை மட்டும் யாரும் மறித்ததில்லை.

"பாதை ஏறட்டும் சார். அப்புறம் கையெழுத்து" என்றார்.

"உங்க புரமோஷன் போயிரும்."

"போகட்டும் சார். அந்த நாற்காலியில யாராவது உக்காருவாங்க. இந்தக் கோட்டுக்கு என்னைத் தவிர யாரு இருக்கா?"

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வெளியே வந்து என்னிடம், "சார், உங்களுக்குத்தான் எல்லா விதியும் தெரியுமே. வழி சொல்லுங்க" என்றார்.

வழி இருந்தது. பொது எல்லையில் படமும் நிலமும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டு கிராமத்தாருக்கும் அறிவிப்புக் கொடுத்து, அவர்களை வைத்துக்கொண்டு நிலத்திலேயே கூட்டுத் தணிக்கை செய்து, வாக்குமூலம் வாங்கிப் படத்தைத் திருத்தலாம். விதி அழகான விதி. யாரும் தொட்டதில்லை.

"செய்யலாம்ல?"

"செய்யலாம். ஆனா யாரும் செய்யிறதில்லை."

"செய்யலாம்னா செய்வோம்" என்றார்.

அறிவிப்பு போயிற்று. ஒவ்வொரு மேசையிலும் அது தூங்கப் படுத்தபோதெல்லாம் நான் போய்த் தட்டி எழுப்பினேன். எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும், நானே தூங்கவைத்தவன். அதற்குள் கல்லூரியில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். செய்தி வந்த அன்று புரொபசரம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கிளம்பிவிட்டாரோ என்று நினைத்தேன். சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஓர் இடத்தைக் குடைநுனியால் தொட்டு, "இங்க ஒரு ஓடை போகுதுல்ல, தணிக்கையன்னைக்கு அதையும் பார்த்துருவோம்" என்றார்.

தணிக்கை நாள் காலையில் இரண்டு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். காலனிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நில அளவையர் கருவியைத் தோளில் வைத்திருந்தார். மனை பேசியிருந்த அந்த மகன் போனைத் தயாராக வைத்திருந்தான். "மேப் என்ன சொல்லுதோ அதைப் பேசுங்க. சும்மா வாயில பேசாதீங்க" என்றான், பொதுவாக எல்லாரையும் பார்த்து.

"பேசவே வேண்டாம் தம்பி" என்றார் புரொபசரம்மா. "போனை உள்ள வைங்க. ரெண்டு ஊர்க்காரங்களும் உங்க உங்க நிலத்துக்கு நேராப் போங்க. உங்க ஊரு எங்க முடியுதோ அங்க நில்லுங்க. நெருக்கமா, ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர். அம்புட்டுதான்."

விதியில் இப்படியெல்லாம் இல்லை. கூடாது என்றும் இல்லை.

ஆட்கள் நகர்ந்தார்கள். வரப்பைத் தாண்டி, முள்ளை ஒதுக்கி, அவரவர் வழக்கமாகக் கால்வைக்கும் இடத்துக்குப் போய் நின்றார்கள். அந்த மகனின் அப்பாவும் வந்திருந்தார். தலையில் துண்டு, கையில் கம்பு. அவர் தன் நிலத்தின் ஓரத்தில் ஒரு வேலிக்கிளுவை மரத்தை ஒட்டிப் போய் நின்றுகொண்டார்.

மகன் அவசரமாக, "ஏப்பா, அங்கிட்டு ரெண்டு எட்டுத் தள்ளி நில்லுங்க" என்றான்.

"எங்கிட்டுடா?"

"அந்தக் கல்லுக்கிட்ட. நம்ம எடந்தான் அது."

பெரியவர் மகனை மேலும் கீழும் பார்த்தார். "அது பொணம் போற பாதைடா. மூச்சோட இருக்கிறவனை அங்க போயி நிக்கச் சொல்றியே, கூறு இருக்கா ஒனக்கு?"

இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. "மாப்ள, அப்பனை அனுப்பிட்டு மனை போடலாம்னு பார்க்கியா?" என்று எதிர் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். மகன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். அவனும் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில், அதே மரத்தை ஒட்டி நின்றான். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எங்கே நிற்பான்?

புரொபசரம்மா தள்ளி நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. ஒருவரும் கால்வைக்காத மண் நடுவே நீளமாகக் கிடந்தது. வளைகிற இடத்தில் வரிசையும் வளைந்தது. கணினி சிவப்பாகக் காட்டிய அதே இடைவெளி.

கருப்பையா அப்போதுதான் கேட்டார். "டீச்சர், எங்களுக்கு இந்த எல்லையில ஒரு செண்டு கூடக் கிடையாது. நாங்க எங்க நிக்கிறது?"

"நீங்க நிக்க வேண்டாம். நடங்க."

காலனிக்காரர்கள் நடந்தார்கள். முதலில் கருப்பையா, பின்னால் மற்றவர்கள், இரண்டு வரிசை மனிதர்களுக்கு நடுவே, ஊன்றியிருந்த கற்களைச் சுற்றிக்கொண்டு. அளவையர் கருவியை ஊன்றிப் புள்ளிகளை எடுத்துக்கொண்டே பின்னால் போனார். சுந்தர் ஒவ்வொரு வளைவிலும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டான். புரொபசரம்மா கடைசி ஆளுக்குப் பின்னால் குடையை ஊன்றி ஊன்றி முழுப் பாதையையும் நடந்தார்.

வாக்குமூலத்தை நான் அங்கேயே எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், எந்த மேல்முறையீட்டுக்கும் அசையாதபடி எழுதினேன். அந்த வித்தை எனக்கு வரும். அதுவரை அதைப் பெரும்பாலும் எதையாவது நிறுத்துவதற்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். பெரியவர் முதலில் கையெழுத்துப் போட்டார். மகன் கொஞ்சம் யோசித்தான். "போடுடா. நின்னேல்ல?" என்றார் அப்பா. போட்டான். கற்களை மறுநாள் அவனே பிடுங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

படத்தில் பாதை ஏறியது. புரொபசரம்மா சான்றில் கையெழுத்துப் போட்டார். விடுவிப்பு ஆணை வந்தது. கல்லூரிக்குத் திரும்பிப்போய், தன்னைவிட இளையவரின் கீழ் சேர்ந்து, முதலாண்டு மாணவர்களுக்கு வடக்கு எது என்று கேட்கத் தொடங்கினார்.

கருப்பையா சில நாள் கழித்துப் போன் செய்தார். "பாதை வந்துருச்சுன்னு சொன்னதும் மனுசன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு சார். கறிக்கஞ்சி கேக்குறாரு. டீச்சருகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். "நல்லா இருக்கட்டும். பாதைக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

கருப்பையாவின் அப்பா அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தையும் தாண்டி இருந்தார். இறந்த செய்தி வந்தபோது புரொபசரம்மா வகுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்தார். நானும் போனேன். பாதை தொடங்கும் இடத்தில் ஓரமாக நின்றோம். கொட்டும் பூவுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் அந்த அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் தூக்கிப்போனவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு வரைக்கும் பார்த்தார். கிளுவை மரத்தடியில் அந்தப் பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது அங்கிருந்து தெரிந்தது.

சுடுகாடு என்று பெயர்தான், அங்கே புதைப்பதுதான் வழக்கம். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். கருப்பையா எங்களைப் பார்த்ததும் கிட்டே வந்து, கையைத் தூக்கப்போய், பாதியிலேயே நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "கும்பிட முடியல டீச்சர். கையெல்லாம் குழி மண்ணு."

"ஏன், அங்க கழுவத் தண்ணி இல்லையா?"

"தண்ணியா? அங்க ஏது டீச்சர்? வீட்டுல போயித்தான்."

அவர் போன பிறகும் புரொபசரம்மா அந்தப் பாதையின் கோடியைப் பார்த்தபடி நின்றார். வெயில் ஏறியிருந்தது. குடையை மண்ணில் குத்தி நிழலைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"சார், சுடுகாடுகள்ல தண்ணி வசதின்னு தலைப்புப் போட்டு ஒரு மேப் போடுவோமா?"

"உள்ள என்ன போடுவீங்க?"

"வடக்கு மட்டும்" என்றார்.

அதை எந்தக் கூட்டத்தில், எந்தப் பொருளின் கீழ் இணைப்பாகச் சேர்க்கலாம் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டபடியே பாதைக்குள் இறங்கி நடந்தார். நின்று பார்க்காமல் அந்த வெள்ளைத் தாளைக்கூட அவர் போட மாட்டார் என்பதால், நானும் பின்னால் போனேன்.